சிறிய பிஸ்டலுக்கு எந்தக் கேலிபர்? சுபாங்கில் புதிதாகச் சுடப் பழகும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். டிசம்பரில் ஹூஸ்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள். அத்தானிடம் கிளாக் 19, கிளாக் 23, ஒரு குட்டி .45, ஒரு பழைய வால்தர் பிபிகே என்று நான்கு பிஸ்டல்கள் இருக்கின்றன. "9 மில்லிமீட்டர் எல்லாம் பிள்ளைங்க விளையாட்டு, .45தான் ஆளை நிறுத்தும்" என்று அவர் போனில் சொல்லியிருக்கிறார். (இந்த எண்கள்தான் கேலிபர், அதாவது குண்டின் விட்டம்: 9 மில்லிமீட்டரில், புள்ளி போட்டவை அங்குலத்தில்.) இங்கே கிளப்பில் உங்களுக்குப் பயிற்சி கொடுப்பவரோ 9ஐத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். உங்கள் கை வேறு சின்னக் கை. இந்த நான்கில் எது பலமானது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. உங்களுக்குத் தெரிய வேண்டியது, ஒரு தோட்டாவைச் சின்ன உடம்புள்ள துப்பாக்கிக்குள் திணித்தால் அந்தத் தோட்டாவுக்கும் உங்கள் கைக்கும் என்ன நடக்கிறது என்பதுதான். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. மலேசியப் போலீஸ் படையில் ஆயுதக் கிடங்கிலும் பிறகு சுடுதளத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செமாராக் சாலைப் பயிற்சி மையத்தில் .38 ஸ்பெஷல் ரிவால்வரில் சுடக் கற்ற தலைமுறை. பிறகு பிஸ்டலுக்கு மாறி, வால்தர் பி99 உட்படப் பலவற்றைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன், புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று சுடவும் வைத்திருக்கிறேன். துப்பாக்கி எப்படி இயங்குகிறது, மனிதர்கள் எப்படிக் குறி தவறுகிறார்கள் என்ற இரண்டிலும் நான் உறுதியாகப் பேசலாம். குண்டு உடம்புக்குள் என்ன செய்யும் என்பதில் நான் மருத்துவன் அல்ல, வெளியான சோதனைகளைப் படித்தவன் மட்டுமே. சட்ட விஷயத்தில் வழக்கறிஞரும் அல்ல. குட்டி .45ஐச் சுட்டிருக்கிறேன், ஆனால் கிடங்கில் வருடக்கணக்கில் பராமரித்ததில்லை. இந்த வரம்புகளோடு மேலே படியுங்கள்.

காம்பேக்ட், அதாவது சின்ன உடம்புள்ள பிஸ்டல், என்பதற்கு யாரும் சட்டமாக அளவு போட்டுவிடவில்லை. பொதுவாக கிளாக் 19ஐ அளவுகோலாக வைத்துப் பேசுவார்கள்: 1988ல் வந்தது, குழல் சுமார் 102 மில்லிமீட்டர், தோட்டா இல்லாமல் 600 கிராம் சொச்சம், தோட்டா அடுக்கும் மெகசினில் 15 தோட்டா. அதன் அண்ணன் கிளாக் 17க்குக் குழல் 114. தம்பி கிளாக் 26, பிறகு 2018ல் வந்த சிக் பி365 போன்றவை இன்னும் சிறியவை. பி365ன் குழல் 79 மில்லிமீட்டர்தான், ஆனாலும் 10 தோட்டா பிடிக்கும். சிறுத்துப் போகும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு விலை உண்டு. குழல் குறைந்தால் குண்டின் வேகம் குறையும். முன் பின் குறிகளுக்கு இடையே உள்ள தூரம் குறைந்தால் கையின் சிறு நடுக்கமும் இலக்கில் பெரிதாகத் தெரியும். எடை குறைந்தால் உதைப்பு கூடும். பிடி குறைந்தால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. இந்த நான்கு இழப்பும் எல்லாக் கேலிபருக்கும் உண்டு, ஆனால் சமமாக இல்லை. உங்கள் கேள்வியின் மையம் அங்கேதான் இருக்கிறது.

தோட்டாக்களைக் கொஞ்சம் எண்களில் பார்த்துவிடுவோம். சாதாரணப் பயிற்சித் தோட்டாவையே எடுத்துக்கொள்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசப்படும், அதனால் எல்லாம் ஏறத்தாழக் கணக்குதான். பிபிகேயில் போடும் .380 ஏசிபியின் குண்டு 6 கிராம் சொச்சம், வேகம் வினாடிக்கு 290 மீட்டர் அளவில். 9 மில்லிமீட்டர் பாராபெல்லத்தில் 7.5 கிராம் குண்டு 350 மீட்டரில் போகும். .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் 11.7 கிராம், 300 மீட்டர். .45 ஏசிபியில் கிட்டத்தட்ட 15 கிராம், ஆனால் 255 மீட்டர்தான். இதிலிருந்து ஆற்றலைக் கணக்குப் போட்டால் .380க்கு 260 ஜூல், 9க்கு 455, .40க்கு 525, .45க்கு 485 என்று வரும். அத்தானுடைய .45 இந்தக் கணக்கில் 9ஐவிடக் கொஞ்சம்தான் கூட, .40ஐவிடக் குறைவு. இதைப் பார்த்து .45 ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். அது வேகத்தை நம்பாமல் எடையையும் அகலத்தையும் நம்பிச் செய்த தோட்டா. 1905 வாக்கில் அமெரிக்க ராணுவத்துக்காக பிரௌனிங் அதை வடிவமைத்தபோது விரிந்து திறக்கும் நவீனக் குண்டு கிடையாது. விரியாத குண்டு அகலமாக இருந்தால் நல்லது என்பது அன்றைக்கு நியாயமான யோசனை.

உதைப்பைத் தீர்மானிப்பது ஆற்றல் அல்ல, உந்தம்: குண்டின் எடையைக் கிலோவில் எடுத்து வேகத்தால் பெருக்குங்கள். .380க்கு 1.8, 9க்கு 2.6, .40க்கு 3.5, .45க்கு 3.8. எரிந்து வெளியேறும் மருந்தின் வாயுவும் கொஞ்சம் சேரும். இந்த வரிசையை மனத்தில் வையுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அத்தான் வீட்டில் உங்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல பாடம் அந்த .45 அல்ல, கிளாக் 19ம் கிளாக் 23ம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒரே பிடி, ஒரே குழல் நீளம், ஒரே டிரிகர், ஒரே உறையில் இரண்டும் உட்காரும். ஒன்று 9, மற்றது .40. ஒரே உடம்பில் கேலிபரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று சோதிக்க இதைவிடச் சுத்தமான ஜோடி கிடைக்காது. .40ன் தோட்டா நீளத்தில் 9ஐ ஒட்டியதுதான், 29 மில்லிமீட்டர் சுற்றி. அதனால்தான் 9க்காகச் செய்த பிடிக்குள் அப்படியே நுழைந்தது. தடிமன் மட்டும் கொஞ்சம் கூட, ஆகவே மெகசினில் 15க்குப் பதில் 13. இழப்பு இரண்டு தோட்டா மட்டும்தானா என்றால், இல்லை. உந்தம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. துப்பாக்கியின் எடை ஏறத்தாழ அதேதான். உதைப்பின் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். கையில் அது எப்படித் தெரியும் என்றால், கிளாக் 19ல் முன்குறி எழும்பித் தானாகவே பழைய இடத்துக்கு வரும். கிளாக் 23ல் அது மேலேயும் ஒரு பக்கமாகவும் சுண்டிப் போகும், நீங்கள்தான் அதை இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

முதல் குண்டில் இந்த வித்தியாசம் இலக்கில் தெரியாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. நிதானமாக ஒன்று சுடுங்கள், இரண்டுமே நடுவில் விழும். ஐந்தை வேகமாகச் சுட்டால் அப்போதுதான் இரண்டும் வேறுபடும். அதைவிட முக்கியம், ஒரு மெகசின் முடிந்த பிறகு வரும் மாற்றம். உதைப்பு வரப்போகிறது என்று கை கற்றுக்கொண்டுவிடும். டிரிகர் விடுபட்டு வெடிக்கும் நொடிக்கு முன்பே மணிக்கட்டு கீழே அமுங்கும். வலது கைக்காரருக்குக் குண்டுகள் இடது கீழ்மூலையில் போய்க் குவியும். நான் பயிற்சி கொடுத்தவர்களில் பெரிய கேலிபரில் ஆரம்பித்தவர்கள் இந்தப் பழக்கத்தைக் கழற்றப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது: மெகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றிரண்டை வேறொருவரைக் கலந்து போடச் சொல்லுங்கள். டிரிகர் இழுத்ததும் வெடிக்காத அந்த நேரத்தில் குழல்முனை குனிகிறதா என்று அவர் பார்க்கட்டும். குனிந்தால் அன்றைக்கு .40ம் .45ம் வேண்டாம், .22க்குப் போய்விடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியே .22ல்தான் நடக்கிறது.

ஆயுதக் கிடங்குக்காரன் புத்தியில் இன்னொன்றும் சொல்கிறேன். 9க்காக வடிவமைத்த சட்டகத்தில் .40 போட்டால் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம், வேகமாக வந்து மோதும். ஸ்பிரிங் சீக்கிரம் தளரும், பாகங்கள் சீக்கிரம் தேயும். தனி ஆளுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் போகலாம். நூற்றுக்கணக்கில் துப்பாக்கி வைத்திருக்கும் படைக்குக் கணக்கு வேறு.

இப்போது அத்தான் சொன்ன "ஆளை நிறுத்தும்" கதைக்கு வருவோம். மாமாக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டே இதைத் தீர்த்து வைத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் இந்த விவாதத்துக்கு ஒரு நிஜமான சரித்திரம் உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் எஃப்பிஐ ஆட்கள் எட்டுப் பேருக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. எஃப்பிஐ பக்கம் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். கொள்ளையர்களில் ஒருவனுக்கு ஆரம்பத்திலேயே ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு கையைத் துளைத்து மார்புக்குள் போனது, ஆனால் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். அதன் விளைவாகத்தான், சோதனையில் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற எஃப்பிஐயின் அளவுகோல் பிறந்தது. 10 மில்லிமீட்டர் ஆட்டோ என்ற தடித்த தோட்டாவை எடுத்தார்கள், உதைப்பு அதிகம் என்று மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு, அதை அடைக்கும் கூடு அவ்வளவு நீளமாக எதற்கு என்று கூட்டை வெட்டியதில் 1990ல் .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வந்தது. அமெரிக்கப் போலீஸ் படைகள் கூட்டமாக அதற்கு மாறின, 1997ல் எஃப்பிஐயும் சேர்ந்தது.

கதை அங்கே முடியவில்லை. 9 மில்லிமீட்டரின் குண்டு வடிவமைப்பு அதற்குப் பிறகு நன்றாக முன்னேறியது. துணிக்குள் புகுந்தாலும் சரியாக விரிந்து, அந்த 12 முதல் 18 அங்குலத்துக்குள் நிற்கும் குண்டுகள் வந்துவிட்டன. 2014ல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவே, நல்ல குண்டு போட்டால் 9க்கும் .40க்கும் .45க்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் பார்க்க முடியவில்லை, ஆனால் 9ல் ஆட்கள் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்று எழுதியது. 2016ல் மறுபடி 9 மில்லிமீட்டர் கிளாக்குக்கே ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்க ராணுவமும் 1985லேயே .45ஐ விட்டு 9க்கு வந்து, 2017ல் புது பிஸ்டல் தேர்ந்தெடுத்தபோதும் 9லேயே நின்றது. மியாமியில் தப்பு செய்தது கேலிபர் அல்ல, அன்றைய குண்டின் வடிவம் என்பதுதான் என் கருத்தும்.

இதில் உறுதியானது எது? ஊடுருவும் ஆழமும் விரிவும் அளக்கக்கூடியவை, அளந்தும் இருக்கிறார்கள். தவறிய குண்டு எந்தக் கேலிபராக இருந்தாலும் பயனில்லை என்பதும் உறுதி. "இந்தக் கேலிபர் நூற்றுக்கு இத்தனை பேரை ஒரே குண்டில் நிறுத்தும்" என்ற வகைப் பட்டியல்களை நான் நம்புவதில்லை. எங்கே பட்டது, எத்தனை பட்டது, பட்டவன் என்ன நிலையில் இருந்தான் என்பதை எல்லாம் ஒரு சதவீதத்துக்குள் அடைத்துவிட முடியாது. கைத்துப்பாக்கி ரைஃபிள் அல்ல. மூளை அல்லது தண்டுவடத்தில் படாவிட்டால் அது யாரையும் உடனே கீழே தள்ளுவதில்லை; .45ம் தள்ளுவதில்லை. குண்டு ஆளைத் தூக்கி வீசும் காட்சியெல்லாம் சினிமாவுக்கு. ஆளைத் தூக்கி எறியும் அளவு உந்தம் இருந்தால் சுடுகிறவனும் பின்னால் பறக்க வேண்டுமே.

அத்தானுடைய குட்டி .45 எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. கிளாக் 30 வகையாக இருந்தால் குழல் 96 மில்லிமீட்டர், மெகசினில் 10. 3 அங்குலக் குழல் உள்ள 1911 (அமெரிக்க ராணுவத்தின் பழைய .45 பிஸ்டல்) வகையாக இருந்தால் நிலைமை இன்னும் இறுக்கம். .45ன் தோட்டா 32 மில்லிமீட்டருக்கும் மேல் நீளம். அதை இரட்டை அடுக்கு மெகசினில் வைத்தால் பிடி முன்னும் பின்னும் தடித்துவிடும், சின்னக் கைக்காரரின் விரல் டிரிகரை நுனியால் மட்டுமே தொடும். ஒற்றை அடுக்காக வைத்தால் பிடி ஒல்லியாகும், தோட்டா ஆறு ஏழாகக் குறையும். குழல் 3 அங்குலம் ஆனால் குண்டின் வேகம் 255லிருந்து 230 பக்கம் இறங்கிவிடும். விரியும் குண்டுகள் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால்தான் விரியும், .45க்கு அந்த விளிம்பு ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறது. பெரிய துப்பாக்கியில் .45 எவ்வளவு சுகமானது என்று எனக்குத் தெரியும். ஒரு கிலோ எடையுள்ள இரும்பு 1911ல் அது மெதுவாகத் தோளை அழுத்திவிட்டுப் போகும். அதையே குட்டியாக்குவது லாரி எஞ்சினைக் கப்சாய் மோட்டார்சைக்கிளில் மாட்டுவது மாதிரி. ஓடும், ஆனால் ஓட்டுகிறவனுக்குத்தான் சங்கடம். குட்டி 1911களில் ஸ்லைடு சிறியது, ஸ்பிரிங் இறுக்கமானது, எல்லாம் அவசரமாக நடக்க வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் கூடு சரியாக வெளியேறாமல் சிக்கும். அத்தான் நன்றாகச் சுடுகிறவராக இருக்கலாம். உங்களுக்கு அது ஒரு மெகசின் ருசி பார்க்கப் போதும்.

பிபிகே விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். .380 சின்னத் தோட்டா, ஆகவே மென்மையாக இருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். உந்தம் 1.8 என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் பிபிகேயில் சுட்டுப் பாருங்கள், கிளாக் 19ஐவிடக் கையில் கூர்மையாக அடிக்கும். காரணம் உள்ளே இருக்கும் இயக்கம். கிளாக் போன்ற 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் ஒன்றாகப் பின்னால் போகும். அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கிவிடும், பிறகு குழல் சாய்ந்து பூட்டு விடும், ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போகும். பிபிகேயில் பூட்டே கிடையாது. குழல் சட்டகத்தில் அசையாமல் நிற்கிறது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே அழுத்தத்தைத் தாங்குகின்றன. வெடித்த நொடியிலேயே ஸ்லைடு கிளம்பிவிடும், அந்த வேகம் அப்படியே உள்ளங்கைக்கு வரும். அந்த ஸ்பிரிங் இறுக்கம் என்பதால் ஸ்லைடை இழுப்பதும் சின்னக் கைக்குச் சிரமம். கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை ஸ்லைடு கடித்துவிடும். முதல் டிரிகர் இழுப்பு வேறு ஆறு கிலோ பக்கம் கனக்கும். நல்லதும் இருக்கிறது: குழல் அசையாததால் நிதானமாகச் சுட்டால் துல்லியம் நன்றாகவே இருக்கும். 1930களின் தொடக்கத்தில் வந்த வடிவம் இன்றைக்கும் வேலை செய்கிறது என்பதே பெரிய மரியாதை. அதே பிபிகே .32 ஏசிபியில் இருந்தால் இன்னும் இனிமை, ஒரு தோட்டாவும் கூடப் பிடிக்கும்.

.380லேயே பூட்டு இயக்கத்தோடு வந்தது கிளாக் 42, 2014ல். அதுதான் நிஜமாகவே மென்மையான .380. கை பலம் குறைந்தவர்களுக்கு, வயதானவர்களுக்கு, நான் அதைச் சொல்வேன். ஆனால் .380ல் குண்டு ஒன்று நன்றாக விரியும் அல்லது போதிய ஆழம் போகும்; இரண்டையும் சேர்த்துச் செய்வது சிரமம். .380ம் 9ம் ஒரே விட்டம், 9 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் மருந்திலும் அழுத்தத்திலும் இருக்கிறது: அமெரிக்கத் தொழில் தரத்தில் .380க்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,500 பவுண்டு, 9க்கு 35,000. ஆகவே காகிதத்தில் துளை ஒன்றுபோலத் தெரிகிறதே என்று இரண்டையும் சமமாக நினைக்காதீர்கள்.

.357 சிக், 10 மில்லிமீட்டர் ஆட்டோ என்ற இரண்டு தோட்டாக்களைப் பற்றியும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். காம்பேக்ட் உடம்பில் இரண்டும் உங்களுக்கு வேண்டாம். சத்தமும் நெருப்பும் அதிகம், தோட்டா கிடைப்பதும் கஷ்டம். மேலே எழுத ஒன்றும் இல்லை.

போட்டிக்குப் போகும் எண்ணம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள், அங்கே கேலிபர் வேறு விதமாகத் தீர்மானமாகிறது. சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி, ஆகவே .40ம் .45ம் வாசலிலேயே நின்றுவிடும். 9 நுழையலாம், ஆனால் அங்கே வருகிறவர்கள் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் போடும் தனி இலக்குத் துப்பாக்கியோடு வருவார்கள். காம்பேக்டோடு போய் நிற்பதில் அர்த்தமில்லை. ஐபிஎஸ்சி முறையில் ஓடிச் சுடும் போட்டி என்றால் கணக்கு இப்படி: குண்டின் எடையை கிரெய்னிலும் (சுமார் 15 கிரெய்ன் ஒரு கிராம்) வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். புரொடக்‌ஷன் பிரிவில் அது 125ஐத் தாண்டினால் போதும், அதற்கு மேல் எவ்வளவு போனாலும் ஒரே மதிப்பெண் முறைதான். 115 கிரெய்ன் 9 மில்லிமீட்டர் 1,150 அடியில் போனால் 132, தாராளமாகத் தாண்டிவிட்டது. அங்கே .40 எடுத்துக்கொண்டு போனால் உதைப்பை மட்டும் கூடுதலாக வாங்கிக்கொண்டு வருவீர்கள். ஸ்டாண்டர்ட் பிரிவில் 170ஐத் தாண்டினால் நடுவட்டத்துக்கு வெளியே விழும் குண்டுகளுக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும், அதற்கு 10 மில்லிமீட்டர் விட்டமாவது வேண்டும். .40 உயிரோடு இருப்பதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம். ஆனால் 102 மில்லிமீட்டர் குழலில் கடைத் தோட்டா 170ஐத் தொடவே மூச்சு வாங்கும். அங்கே சுடுகிறவர்கள் நீளக் குழலோடு வருகிறார்கள்.

எனவே உங்களுக்கு என் பதில் 9 மில்லிமீட்டர், கிளாக் 19 அளவுள்ள உடம்பில். அதைவிடச் சிறியது முதல் துப்பாக்கியாக வேண்டாம். கை சிறியது என்பதால் பின்பக்கப் பட்டை மாற்றக்கூடிய பிடி உள்ளதைப் பாருங்கள். பி99ல் அது ஆரம்பத்திலிருந்தே உண்டு, கிளாக்கில் நான்காம் தலைமுறையிலிருந்து. குழலும் முன்கையும் நேர்க்கோட்டில் இருக்கும்படி பிடித்து, ஆள்காட்டி விரலின் முதல் பகுதியின் நடுச்சதை டிரிகரில் உட்காருகிறதா என்று பாருங்கள். உட்காராவிட்டால் எந்தக் கேலிபரும் உங்களுக்குச் சரிப்படாது. பயிற்சி கொடுப்பவர் சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன், "வேறெதையும் தொடாதே" என்ற பாகத்தைத் தவிர. அடிப்படை உறுதியான பிறகு மற்றதையும் சுட்டுப் பார்ப்பது நல்லதுதான்.

நம் மலேசியாவில் இது கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்கிற சமாச்சாரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும் என்றாலும் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவரின் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியும் கூடாது, ஒரு தோட்டாவும் கூடாது. ஏர் பிஸ்டலும் அந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 வருடம் வரை சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாமல். கேலிபரை முடிவு செய்வதற்கு முன் கிளப்பில் எந்தத் தோட்டா தடையில்லாமல் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். அங்கேயும் 9தான் ஜெயிக்கும்.

ஹூஸ்டன் பயணத்தில் நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் சட்டம் தாராளம், 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதுக்காரர்கள் பர்மிட் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம். அந்தத் தாராளத்தை நம்பி அத்தான் உங்களை நேராக ரேஞ்சுக்குக் கூட்டிப் போகக்கூடும். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் சட்டம் வேறு: சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பதே குற்றம். சில விதிவிலக்குகள் உண்டு. அங்கத்திய மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அவற்றில் ஒன்று, ரேஞ்சுக்குப் போகும் வெளிநாட்டுக்காரர்கள் பலர் அந்த வழியில்தான் போகிறார்கள். நீங்கள் போகும் முன் ரேஞ்சிடமும், முடிந்தால் அங்குள்ள வழக்கறிஞரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அத்தான் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அதை நம்பிப் போகாதீர்கள்.

அது சரியாகிவிட்டால் அன்றைக்கு இந்த வரிசையில் சுடுங்கள்: முதலில் 19ல் நிதானமாக ஒரு மெகசின், அதே தூரத்தில் 23ல் ஒரு மெகசின், திரும்ப 19ல் ஒன்று. மூன்று இலக்குத் தாள்களையும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தாள் முதலாவதைவிட மோசமாக இருந்தால் .40 உங்கள் கைக்கு என்ன சொல்லிக்கொடுத்தது என்று தெரிந்துவிடும். பிபிகேயும் .45ம் அதற்குப் பிறகு. காதுக்குக் கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கூரை போட்ட ரேஞ்ச் என்றால் காதுக்கு இரண்டு அடுக்கு. ஒரு நேரத்தில் மேசையில் ஒரே கேலிபர் தோட்டாப் பெட்டிதான் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 9 தோட்டா .40 குழலுக்குள் தளர்வாக நுழைந்துவிடும். கூட்டை இழுக்கும் கொக்கி அதைப் பிடித்துக்கொண்டால் வெடிக்கவும் செய்யும், கூடு பிளந்து போகும். உருவம் ஒன்றான 19ம் 23ம் பக்கத்தில் இருக்கும்போது இந்தத் தவறு நடப்பது சுலபம்.

கிளம்புவதற்கு முன் கால்சட்டைப் பைகளையும், ரேஞ்சுக்குக் கொண்டுபோன பேக்கின் ஒவ்வொரு ஜிப்பையும் கவிழ்த்துப் பாருங்கள். ஞாபகத்துக்கு என்று காலிக் கூடுகூட எடுத்துக்கொள்ள வேண்டாம். சுடாத தோட்டா ஒன்று துணிக்குள் தங்கி கோலாலம்பூர் விமான நிலைய (கேஎல்ஐஏ) ஸ்கேனரில் தெரிந்தால், அது தெரியாமல் வந்தது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. ரேஞ்சுக்கு வேறு பேக்கை அத்தானிடமே வாங்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது.